காப்புக் கட்டியவன் விழுந்தபோது

போன கோடையில் ரெப்ரி பயிற்சி முகாமுக்கு வந்திருந்த பிள்ளைகள் நாலைந்து பேர், இந்தத் தெருவில் பழைய டிரில் மாஸ்டர் ஒருவர் இருக்கிறார் என்று யாரோ சொல்லி, என்னைப் பார்க்க வந்தார்கள். காபி குடித்தார்கள். என் மூட்டுவலியை விசாரித்தார்கள். அவர்களில் கண்ணாடி போட்ட ஒருத்தன் மட்டும் விஷயத்துக்கு வந்தான்.

“சார், இப்ப எவனாவது வுழுந்து நடிச்சா மஞ்சக் கார்டு எடுத்துக் காட்டிடறோம். டிவில அத்தனை பக்கத்துலேர்ந்தும் திருப்பித் திருப்பிப் போட்டுக் காட்றான். உங்க காலத்துல இன்னா சார் வெச்சிக்கினு இருந்தீங்க?”

“ரெண்டு கண்ணு வெச்சிக்கினு இருந்தேன்” என்றேன், வெடுக்கென்று. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். பென்ஷன் வாங்க ஆரம்பித்தும் அது இறங்கவில்லை. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டார்கள். போன பிறகுதான், அவன் கேலிக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான் என்று உறைத்தது. அவனுக்குச் சொல்ல வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சென்னையில் டிரில் மாஸ்டர் பயிற்சி. விடியலில் ஓட்டம், மத்தியானம் எலும்புகளின் பெயர், சாயங்காலம் விளையாட்டுச் சட்டம். தேறி வந்து, ஐம்பதுகளின் நடுவில் உத்திரமேரூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். கோடை விடுமுறையில் சுற்று வட்டாரத்துக் கால்பந்துப் போட்டிகளுக்கு விசில் ஊதப் போவேன். கூலி என்று எதுவும் கிடையாது. ஒரு சோடாவும் மத்தியானச் சாப்பாடும் உண்டு. தோற்ற ஊர் என்றால் அந்தச் சாப்பாடும் சந்தேகம்தான்.

சித்திரையில் எங்கள் பக்கத்து ஏரிகள் வற்றும். வற்றிய ஏரிதான் மைதானம். மூங்கில் நட்டு கோல்போஸ்ட், சாம்பலைத் தூவிக் கோடு, ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் வெறுங்கால். அந்தக் காலத்தில் மாற்று ஆட்டக்காரன் கிடையாது. ஒருத்தன் அடிபட்டு வெளியே போனால் மிச்சம் பத்துப் பேர்தான் கடைசிவரை. அதனால் விழுந்தவர்கள் எல்லாம் எழுந்துவிடுவார்கள். எப்போது எழுந்திருக்கிறார்கள் என்பதில்தான் சூது இருக்கும்.

சூது என்றால் அப்படியொரு சூது. ஜெயிக்கிற செட்டுக்காரன், இருக்கிற ஒரே பந்தைக் கொண்டுபோய்ப் பக்கத்துக் கமலைக் கிணற்றில் உதைத்து விடுவான். அதை எடுத்துவர ஆள் இறங்க வேண்டும், கயிறு வேண்டும். அடுத்தது முள். ஏரிக்குள் கருவேல முள் கிடப்பது உண்மை. ஒரு கோல் முன்னால் இருக்கிற செட்டின் கோல்கீப்பர் காலில்தான் அது குத்தும் என்பதும் உண்மை. குத்தினால் அவன் உட்காருவான், கேப்டன் ஊசி கொண்டு வருவான், நாலு பேர் குனிந்து பார்ப்பார்கள், பொழுது சாயும்.

இந்த வியாதிகளுக்கெல்லாம் மருந்து கண்டுபிடித்தவர் எத்திராஜுலு நாயுடு. காஞ்சிபுரத்தில் பள்ளிக்கூட விளையாட்டுகளைப் பார்வையிடும் அதிகாரியாக இருந்தார். எங்கள் பக்கத்துக்கு அவர்தான் மூத்த ரெப்ரி. மிலிட்டரியில் இருந்துவிட்டு வந்தவர். வெளுத்த காக்கி அரைக்கால் சட்டை, விபூதி பூசினாற்போல் வெள்ளையடித்த கேன்வாஸ் ஷூ. விசிலைக் கழுத்தில் மாட்ட மாட்டார், மணிக்கட்டில் கட்டியிருப்பார். “கழுத்துல தொங்கினா வாய்க்குச் சீக்கிரம் வந்துடுது நைனா. கைலேர்ந்து வாய்க்கு வர நேரத்துல புத்தி கொஞ்சம் வேலை செய்யும்” என்பார்.

கிணற்றில் பந்தை உதைத்தவனே இறங்கி எடுத்துவர வேண்டும், அதுவரை கடிகாரம் ஓடாது என்றார். அதோடு கிணற்றுச் சூது தீர்ந்தது. முள்ளுக்கு அவர் போட்ட சட்டம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. எடுத்த முள்ளை ரெப்ரி கையில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அத்தனை நேரமும் ஆட்டத்தோடு கூட்டப்படும். இது நன்றாகத்தான் வேலை செய்தது. பிறகு ஒரு நாள், ஒரு கோல்கீப்பர் இடுப்பு முடிச்சில் வீட்டிலிருந்தே முள் கொண்டு வந்திருந்ததைப் பார்த்தோம். நாயுடு சார் அந்த முள்ளை வாங்கிப் பார்த்தார். “இது இலந்தை முள்ளு ஆச்சே. இந்த ஏரில இலந்தை எங்க கீது? வேற முள்ளு எட்த்துக்கினு வா” என்று திருப்பிக் கொடுத்தார். அவன் எழுந்து கோலுக்குள் போய் நின்றுகொண்டான்.

யாராவது விழுந்தால் அவர் ஓட மாட்டார். நான் ஓடுவேன், வாலிபம். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்து போவார். போகும்போது விழுந்தவனைப் பார்க்கவே மாட்டார், சுற்றி நிற்கிறவர்களைப் பார்த்துக்கொண்டே போவார். ஏன் என்று கேட்டேன்.

“நெஜமா அடிபட்டா அவன் செட்டு ஆளுங்க அவங்கிட்ட ஓடுவானுங்க. நடிச்சான்னா நம்மகிட்ட ஓடியாருவானுங்க. நீ நட, பாத்துக்கினே நட. நீ போய்ச் சேர்றதுக்குள்ள தெரிஞ்சிடும்.”

இன்னொன்றும் சொல்வார். ஆட்டக்காரனிடம் சாட்சி கேட்கக் கூடாது. பட்டதா படவில்லையா என்று கேட்டால் அவன் பொய் சொல்ல நாமே வழி காட்டினாற்போல் ஆகும் என்பது அவர் கட்சி. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டுதான் நான் காலம் தள்ளினேன். இவை இரண்டும் போதாமல் போனது ஒரே ஒரு தடவை. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

சாலவாக்கத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர். பெயர் வேண்டாம், அங்கே பெண் எடுத்திருக்கிறார்கள் எங்கள் சொந்தத்தில். அந்த ஊர் ஏரியில் ஆண்டுதோறும் ஒரு கோப்பைப் போட்டி நடக்கும். ஊர்ச் செட்டில் பாதிப் பேர் கூத்தாடிகள். திரௌபதி அம்மன் திருவிழாவுக்கு வெளியூர்க் கூத்து ஜமா வரவழைக்காமல் தாங்களே வேஷம் கட்டுகிற ஊர் அது. அவர்களின் வலது விங் தணிகாசலம். நிலபுலம் உள்ள வீட்டுப் பிள்ளை, கூத்தில் அர்ச்சுனன். பந்தோடு ஓடினால் பிடிக்க முடியாது. பிடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் விழுந்துவிடுவான். அந்த விழுகையைச் சும்மா சொல்லக் கூடாது. ஒரு கை வானத்தைப் பார்க்கும், ஒரு கை முழங்காலைப் பிடிக்கும், தலை மெல்லத் தரையில் சாயும். எதிர்ச் செட்டு ஆட்களே ஒரு நிமிஷம் நின்று பார்ப்பார்கள். அவனை நம்பி நான் கொடுத்த பெனால்டிகள் எத்தனை என்று எனக்குத்தான் தெரியும்.

அந்த வருஷம் பைனலுக்கு வந்த எதிர்ச் செட்டு வாலாஜாபாத் ரைஸ்மில் ஆட்கள். அதில் பின்னால் நின்று தடுக்கிற பேக் ஆடியவன் ஏசுதாஸ். மில் களத்தில் நெல் அவித்துக் காயவைக்கிற வேலை. அவன் ஊர் எது தெரியுமா? இதே ஊர்தான், இந்த ஊர்க் காலனி. ஊர்ச் செட்டில் காலனிப் பிள்ளைக்கு இடமில்லை என்பதால்தான் வாலாஜாபாத்துக்காக ஆடினான். அவன் அப்பன் தணிகாசலத்தின் வீட்டு நிலத்தில் ஏர் ஓட்டுகிறவர். பந்து இல்லாத நேரத்தில் அவன் தணிகாசலத்துக்கு எதிரே நிமிர்ந்து நின்றதை யாரும் பார்த்ததில்லை.

பைனலைப் பார்க்கச் சென்னையிலிருந்து ஒரு பெரிய மில்லின் விளையாட்டு அதிகாரி வந்திருந்தார். தன் மில் செட்டுக்கு ஒரு பேக் தேடிக்கொண்டிருந்தார். ஆட்டம் பிடித்தால் வேலை, மாதச் சம்பளம், தங்க இடம். ஏசுதாஸைப் பற்றி அவருக்குச் சொல்லி வரவழைத்தவர் நாயுடு சார்தான். ஏசுதாஸின் வீடே இந்த ஒரு ஆட்டத்தை நம்பி இருந்தது. ஆட்டத்துக்கு முன்னால் அவன் என்னிடம் வந்து, “மாஸ்டர், இன்னிக்கு ஒண்ணும் பேஜார் வராம பாத்துக்கங்க” என்றான். நான் என்னமோ வரவழைக்கிறவன் மாதிரி.

பேஜார் அவனுக்கு முன்னாலேயே வந்து காத்திருந்தது. ஏரியில் ஈரம் காயவில்லை என்று காரணம் சொல்லி ஊர்க்காரர்கள் பைனலைத் திருவிழா வாரத்துக்குத் தள்ளியிருந்தார்கள். மறுநாள் காலை அர்ச்சுனன் தபசு. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். உயரமான பனைமரத்தை வெட்டி வந்து நட்டு, படி வைத்திருப்பார்கள். அர்ச்சுனன் வேஷம் கட்டியவன் பாடிக்கொண்டே உச்சிக்கு ஏறி, சிவனை நோக்கித் தவம் செய்து, மேலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுவான். பிள்ளை இல்லாத பெண்கள் மடியேந்தி நிற்பார்கள். அந்த மரம் ஏறுகிறவனுக்கு முன்கூட்டியே கையில் காப்புக் கட்டிவிடுவார்கள். கட்டிவிட்டால் அவன் ஊர் எல்லை தாண்டக் கூடாது, கவிச்சி தொடக் கூடாது, பொய் பேசக் கூடாது. அவன்மேல் ஒருவர் கால் படக் கூடாது. பட்டால் காப்பு அசுத்தம்.

தணிகாசலம் மஞ்சள் கயிறு கட்டிய கையோடு மைதானத்தில் இறங்கினான். ஏரி ஊர் எல்லைக்குள்தானே இருக்கிறது!

முதல் பாதியை நான் ஆட்டம் என்று சொல்ல மாட்டேன். அவன் பந்தை எடுத்துக்கொண்டு வந்தால் ரைஸ்மில் பேக்குகள் கன்றுக்குட்டிக்கு வழி விடுகிறாற்போல் ஒதுங்கினார்கள். அம்மன் காப்பின்மேல் எவன் கால் வைப்பான்? இரண்டு கோல் போட்டான், இரண்டும் நடந்து போய்ப் போட்டான். ரைஸ்மில் கேப்டன், அந்த மில்லின் கணக்குப்பிள்ளை, ஹாஃப் டைமில் என் மேல் பாய்ந்தார்.

“இன்னா சார் அநியாயம் இது? தொடக் கூடாத ஆள எறக்கி வுட்டு ஆடுன்னா எப்டி ஆடறது? ஒண்ணு அந்தக் கயித்த அவுக்கச் சொல்லு, இல்ல அவன வெளில அனுப்பு.”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. லைன்ஸ்மேனாகக் கொடி பிடித்திருந்த நாயுடு சாரிடம் போனேன். முழங்கால் தேய்ந்துபோய் அவர் ரெப்ரி வேலையை என்னிடம் விட்டிருந்தார்.

“மத்தவங்களுக்கு அடிபடற மாதிரி எதுனா போட்டுக்கினு ஆடக் கூடாதுன்னுதான் சட்டம்” என்றார். “கயிறு எவனைக் குத்தும்? பயத்துக்குச் சட்டம் கெடையாது நைனா. ஆட வுடு.”

கணக்குப்பிள்ளை முகம் தொங்கிப்போய்த் திரும்பினார். கொஞ்ச நேரத்தில் அந்த முகம் தெளிந்தது. தன் ஆட்களை ஒரு சுற்றுப் பார்த்தவர், அதுவரை வலது பக்கம் ஆடிவிட்டு ஓரமாய்த் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஏசுதாஸைக் கூப்பிட்டார்.

“டேய், நீ வேதக்காரன்தானே? அம்மன் உன்ன ஒண்ணும் கேக்க மாட்டா. போய்த் தணிகாசலத்தப் புடிச்சிக்கோ.”

அம்மன் கேட்க மாட்டாள், சரி. ஊர் கேட்குமே. ஏசுதாஸின் அம்மா காலனிச் சனங்களோடு ஏரிக்கரைமேல் உட்கார்ந்திருந்தாள். அவன் அங்கே ஒரு தடவை பார்த்தான். கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சென்னை மில் அதிகாரியையும் பார்த்தான். பிறகு வலது விங்குக்கு எதிரே போய் நின்றுகொண்டான்.

இரண்டாவது பாதியை இன்றைக்கும் கண்ணை மூடினால் என்னால் ஆட்டமாகப் பார்க்க முடியும். ஏசுதாஸ் தணிகாசலத்தின் உடம்பில் படவே இல்லை. முன்னால் ஓடிப் பாதையை அடைப்பான், பந்து காலை விட்டு ஒரு முழம் விலகும்வரை காத்திருப்பான், விலகியதும் கொத்தி எடுத்துவிடுவான். அதற்கு எவ்வளவு தைரியமும் எவ்வளவு நிதானமும் வேண்டும் என்று பந்து ஆடியவர்களுக்குத் தெரியும். ரைஸ்மில் ஒரு கோல் திருப்பியது. பிறகு இன்னொன்று. இரண்டுக்கு இரண்டு. ஊர்ச் சனம் சத்தத்தை நிறுத்திவிட்டது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். தணிகாசலம் பந்தோடு பெனால்டி கோட்டுக்குள் நுழைந்தான். ஏசுதாஸ் பக்கவாட்டில் வந்து காலை நீட்டிப் பந்தைத் தட்டினான். நான் பக்கத்தில் இருந்தேன். பந்து ஒரு பக்கம் போவதும், காலுக்கும் காலுக்கும் நடுவில் மண் தெரிவதும், என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் தணிகாசலம் விழுந்தான். ஒரு கை வானம், ஒரு கை முழங்கால், தலை மெல்லத் தரையில். விசில் என் கையிலேயே இருந்தது. ஆடு, ஆடு என்று கை காட்டினேன்.

யார் ஆடுவது? கரை உடைந்தாற்போல் சனம் உள்ளே வந்துவிட்டது.

“காப்புக் கட்டுனவன ஒதைச்சிட்டான்டா!”

“காலனிக்காரன் கால வெச்சிட்டான். உட்றாதீங்க!”

கூட்டத்தில் கழி இருந்தது. ஏசுதாஸ் ஓடவில்லை. ஓடினால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. கையைக் கட்டிக்கொண்டு கோல்போஸ்டுக்குப் பக்கத்தில் நின்றான். அவன் அம்மா கரையிலிருந்து இறங்கி ஓடிவந்து, தணிகாசலத்தின் அப்பா முன்னால் மண்ணில் விழுந்தாள். “ஆண்டே, எம்புள்ள அப்டி செய்ய மாட்டான் ஆண்டே. செஞ்சிருந்தா மன்னிச்சிடு ஆண்டே” என்று அழுதாள். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்கிற அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் ஏசுதாஸுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். “ஃபவுல் இல்ல! படல! நான் பாத்தேன்!” என்று கத்தினேன். நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. நாயுடு சார் கற்றுக்கொடுத்த கணக்கும் உதவவில்லை. ஊர்ச் செட்டு ஆட்கள் விழுந்தவனிடமும் ஓடவில்லை, என்னிடமும் ஓடவில்லை, எல்லாரும் ஏசுதாஸை நோக்கி ஓடி வந்தார்கள். பெனால்டி கொடுத்தால் ஊர் அடங்கும், ஆனால் உதைத்தான் என்பது தீர்ப்பாகிவிடும். வேலை போகும், அதோடு அந்தக் குடும்பம் அந்த ஊரில் இருக்கவும் முடியாது. கொடுக்காவிட்டால் அவன் உயிரோடு வீடு போவானா என்று தெரியவில்லை.

அப்போது நாயுடு சார் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எப்போதும்போல நடந்து வந்தார். அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு நடுவில் ஒரு மனிதர் அவசரமில்லாமல் நடந்தால் சனம் தானாக வழி விடுகிறது. விழுந்து கிடந்தவனை அவர் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. நேரே கோயில் தர்மகர்த்தாவிடம் போனார். தலைப்பாகை கட்டிய பெரியவர் அவர், கூட்டத்தோடு வந்து நின்றிருந்தார்.

“ஐயா, ஒண்ணு கேக்கணும். எனக்கு உங்க மொறை தெரியாது” என்றார் நாயுடு சார், மரியாதையாக. “காப்புக் கட்டுனவன் மேல ஒருத்தன் கால் பட்டுட்டா இன்னா பண்ணுவீங்க?”

“காப்ப அவுக்கணும்.”

“அவுத்துட்டா நாளைக்கி மரம் ஏறலாங்களா?”

“அதெப்படி? ஏறக் கூடாது. வேற ஆளுக்குக் கட்டணும்.”

“சரிங்க” என்று நாயுடு சார் தலையாட்டினார். பிறகு என்னைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கிறாற்போல் சொன்னார். “நைனா, ஊரே பட்டதுன்னு சொல்லுது. அப்ப பட்டதுன்னே வெச்சிக்குவோம், பெனால்டி குடுத்துடலாம். ஐயா, நீங்க நாளைக்கி மரம் ஏற வேற ஆளப் பாத்துக்குங்க. கயித்த இங்கியே அவுத்துடலாங்களா?”

என் தீர்ப்பை இவர் எப்படி மாற்றலாம் என்று எனக்குக் கோபம்தான் வந்தது, நம்புங்கள். ஆனால் கூட்டம் சட்டென்று அடங்கியதைக் கவனித்தேன். தர்மகர்த்தா திரும்பித் தணிகாசலத்தைப் பார்த்தார். அவன் அப்பா பார்த்தார். மறுநாள் மடியேந்த வந்து ஊரில் தங்கியிருந்த பெண்களும் பார்த்தார்கள். அந்த ஒரு மரத்துக்காக அவன் எத்தனை வருஷம் சின்ன வேஷம் கட்டிக் காத்திருந்தான் என்று ஊருக்கே தெரியும்.

மண்ணில் கிடந்தவன் முதலில் ஒரு கண்ணைத் திறந்தான். பிறகு இரண்டையும். எழுந்து உட்கார்ந்தான். மணிக்கட்டுக் கயிற்றைப் பார்த்துக்கொண்டே, “படல” என்றான்.

“இன்னா?” என்றார் தர்மகர்த்தா.

“படல மாமா. அவன் பந்தத்தான் தட்னான். நானாத்தான் வுழுந்தேன்.”

நாயுடு சார் அவனை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தார். “தம்பி, இங்க கீறவங்களுக்குத்தான் கேட்டிச்சி. அந்தக் கோடில கழி வெச்சிக்கினு நிக்கறவங்களுக்கும் கேக்கட்டும்.”

தணிகாசலம் எழுந்து நின்றான். முகம் கறுத்திருந்தது. கூத்தில் மைக்கு இல்லாமல் ஊருக்கே பாடுகிற குரல் அவனுடையது. அந்தக் குரலை எடுத்து, “அவன் கால் எம்மேல படல! அம்மனறிய சொல்றேன், படல!” என்றான். ஏரிக்கரைவரை கேட்டது. ஒவ்வொருவராகக் கழியைக் கீழே விட்டார்கள். யாரோ ஒருத்தர் சிரித்தார், அது பரவியது. ஏசுதாஸின் அம்மாவை எழுந்திருக்கச் சொன்னது தணிகாசலத்தின் அப்பாதான். அதையும் சொல்ல வேண்டும்.

தணிகாசலத்தின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு எச்சரிக்கை செய்தேன். அதுதான் அன்றைய மஞ்சக் கார்டு, கண்ணாடித் தம்பி. ரைஸ்மில்லுக்கு ஃப்ரீ கிக் கொடுத்தேன். ஆட்டம் சமனில் முடிந்தது, கோப்பையை ஆளுக்கு ஆறு மாசம் என்று பிரித்துக்கொண்டார்கள்.

முடிந்ததும் நாயுடு சாரிடம் போனேன். நன்றி சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பதில் சண்டைக்குப் போனேன், என் புத்தி அப்படி. “ஆட்டக்காரன்கிட்ட சாட்சி கேக்கக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொல்லுவீங்க?”

“நான் எங்க கேட்டேன்? கோயில் மொறைய கேட்டேன். அவனா சொன்னான்” என்றார். பிறகு என் தோளில் கை வைத்து, “மொதல்ல நீ படலன்னு சொன்ன பாரு, அது நின்னதாலதான் நான் நடந்து வந்தேன். நீ பயந்துக்கினு ஊதியிருந்தா நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது” என்றார். எத்தனையோ பேர் எனக்கு மாலை போட்டிருக்கிறார்கள். இந்த வார்த்தைக்கு ஈடாக ஒன்றுமில்லை. அவர் இருந்தவரை ஒரு நாளும் அவருக்கு நான் வாய்விட்டு நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், நல்லா இருங்க சார், எங்க இருந்தாலும்.

மில் அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். ஏசுதாஸிடம் எதுவும் கேட்கவில்லை, என்னிடம்தான் பேசினார். “எத்தனையோ பேக்குக்கு ரெப்ரிங்க சர்டிபிகேட் குடுத்திருக்காங்க. எதிர்ல ஆடினவனே ஊர் கேக்கக் குடுத்து நான் பார்த்ததில்லை. நாளைக் காலைல கிளம்பி வரச் சொல்லுங்க.” ஏசுதாஸ் பக்கத்தில்தான் நின்றிருந்தான். அழுதுவிடுவான் என்று பார்த்தேன். “வெள்ளச் சட்ட ஒண்ணு கூட இல்லியே மாஸ்டர்” என்றான். என் சட்டையைக் கொடுத்தேன், கொஞ்சம் தொளதொள என்றிருந்தது.

அன்று அந்த ஊரிலேயே தங்கினேன். மறுநாள் காலை ஏரிக்கரைமேல், சாலை ஓரத்தில், பஸ்ஸுக்காக ஏசுதாஸும் அவன் அம்மாவும் நானும் நின்றோம். காலனிச் சனம் தபசு பார்ப்பதும் அந்தக் கரையில் நின்றுதான். மரத்தடிக்குப் போக அவர்களுக்கு அப்போது வழியில்லை. கீழே ஊர் முழுக்க மரத்தைச் சுற்றி நின்றது. அர்ச்சுனன் வேஷத்தில் தணிகாசலம் பாடிக்கொண்டே ஏறினான். உச்சிக்குப் போனதும் பாட்டு நின்றது. ஈசான மூலையைப் பார்த்துச் சிவனைக் கும்பிட வேண்டும், அதுதான் முறை. கும்பிட்டான். எலுமிச்சம்பழம் வீசினான். பெண்கள் மடியில் விழுந்தது. பிறகு அந்த உயரத்தில், கால் வைக்கவே இடமில்லாத அந்தப் பலகையில், மெல்லப் பின்புறமாகத் திரும்பினான். எதிர்த் திசையில் இருந்தது நாங்கள் நின்ற கரை ஒன்றுதான். அங்கிருந்து எங்களைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டான்.

கீழே எதற்கென்று தெரியாமலே சனம் கோவிந்தா போட்டது. ஏசுதாஸின் அம்மா பதறிப்போய்த் தானும் கும்பிட்டாள். ஏசுதாஸ் கும்பிடவில்லை. என் தொளதொளச் சட்டையில் நிமிர்ந்து நின்று, நேராக அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். பஸ் வந்து நின்றது.

“மாஸ்டர்” என்றான், கண்ணை எடுக்காமல். “இதுவும் நடிப்புதானா?”

“இல்லடா” என்றேன். விசில் பிடித்த காலம் முழுவதிலும் யோசிக்காமல் நான் சொன்ன தீர்ப்பு அது ஒன்றுதான்.